இரண்டு பக்கத்துக் காற்று

கட்டியவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆகையால் என் கதையில் அவர் 'இவர்'தான். பெயர் வேண்டுமென்றால் மற்றவர்கள் கூப்பிடும்போது கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விசுவமடுவில் அவரைக் கூப்பிடாத வாய் இல்லை. தேத்தண்ணிக் கேத்திலின் கைபிடி உடைந்தாலும் அவர்தான், வண்டிச் சில்லுக் கழன்றாலும் அவர்தான்.

இவர் திருகோணமலையில் கடற்படைத் துறைமுகப் பட்டறையில் பத்து வருடம் வேலை செய்தவர். இரும்பைச் சூடாக்கி ஆறவைப்பதுதான் வேலை. ஐம்பத்தேழில் இங்கிலிசுக்காரன் கப்பலேறியதும் இவரும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் சொந்த ஊரான கரவெட்டிக்கு வந்து சேர்ந்தார். பெட்டியின் மூடியில் இவருடைய வேலை இலக்கம் வெள்ளை மையால் எழுதியிருந்தது. புருசன் துறைமுகத்திலிருந்து வருகிறாரே, ஒரு சேலையாவது இருக்கும் என்று ஆசையோடு திறந்தேன். இரண்டு காற்சட்டை, மூன்று சேட்டு, மிச்சமெல்லாம் இரும்பு. "கழிச்சுப் போட்ட இரும்பப்பா, தங்கம் மாதிரி" என்றார். தங்கமாக இருந்தால் நான் ஏன் கோபிக்கப்போகிறேன்?

பிறகு குடியேற்றத் திட்டத்தில் இந்த விசுவமடுக் குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்தது. சனம் "காட்டுக்கா போறியள்?" என்று வாயில் கையை வைத்தது. வந்துவிட்டோம். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், அந்த வயல் என் கையில்தான் விளைந்தது. இவரை வாய்க்காலைத் திறந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால், வாய்க்கால் பலகைக்குக் கதவுக்குப்போலப் புதுப் பிணைச்சல் பூட்டிக்கொண்டிருப்பார். தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். வரம்பில் நடந்தால் வரம்பு உடையும், மாட்டை அதட்டினால் மாடு இவரைத் திரும்பிப் பார்க்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, அதில் உலை வைத்து, கையால் சுழற்றினால் காற்றடிக்கிற ஊதி ஒன்றைப் பூட்டி, அங்கேதான் இவர் மனிதராக இருந்தார். ஊருக்குள் நல்ல பெயர், வயலுக்குள் சிரிப்பு. அது அவருக்கு உள்ளூரக் குத்தியது என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் ஆடி மாதத்தில் பரமலிங்கம் அண்ணை வந்தார். துறைமுகத்தில் இவரோடு வேலை செய்தவர், அப்போது கொழும்பில் ஒரு பெரிய பட்டறையில் இருந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேராக விசயத்துக்கு வந்தார்.

"தில்லை, உன்ர கைக்கு இந்தச் சேறு சரிவராது. எங்கட பட்டறையில இரும்பு பதப்படுத்தத் தெரிஞ்ச ஆக்களைத் தேடுகினம். ஆவணி முடியேக்க வந்து கூட்டிக்கொண்டு போறன். பெட்டியைக் கட்டி வை."

இவர் குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன பார்வை அது! பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு சொல். 'போகாதேயுங்கோ.' அதுதான் என் நெஞ்சு முழுக்க இருந்தது. இந்தக் காட்டில் யானை வந்தாலும் வெள்ளம் வந்தாலும் பக்கத்தில் இந்த மனுசன் படுத்துக் குறட்டை விட்டால் எனக்குப் போதும். ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டு நடப்பதில்லை.

"போறதெண்டால் போங்கோவன். உங்களை இஞ்ச ஆர் பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கினம்?" என்றேன்.

அன்று பின்னேரம் இவர் கட்டிலுக்குக் கீழிருந்து பச்சைப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார். நான் அம்மியில் மிளகாயைப் போட்டு, அது என்ன பாவம் செய்ததோ, அரைத்துத் தள்ளினேன்.

சிறுபோக அறுவடை தொடங்கிய நேரத்தில்தான் ஆதம்பாவா நானாவின் மில் படுத்தது. நானா முல்லைத்தீவுக்காரர். எங்கள் சந்தியில் நெல்லுக் குத்தும் மிசின் போட்டிருந்தார். அது வந்த நாளிலிருந்து எங்கள் குடியேற்றத்துப் பெண்கள் உலக்கையை மூலையில் சாத்திவிட்டு முதுகை நிமிர்த்தியிருந்தோம். மிசினின் வயிற்றுக்குள் ஓர் உருளை சுற்றும். அதற்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்தில் தட்டையான இரும்புக் கத்தி ஒன்று பூட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையில் நெல் உரசிக்கொண்டு போகும்போது உமி கழலும். அந்தக் கத்தி தேய்ந்து ஓரம் உடைந்துபோயிற்று. கப்பலில் சாமான் வருவது நின்றிருந்த காலம் அது. கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கியும் நானாவுக்குக் கத்தி கிடைக்கவில்லை.

உடைந்த கத்தியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார், பிரேதத்தைக் கொண்டுவருவதுபோல.

"தில்லையண்ணன், நீங்கதான் ஒரு வழி செய்யணும். கிளிநொச்சியால ஒரு ஆள் அடிச்சுத் தந்தான். ரெண்டு மூட்டை குத்த முதல் தேஞ்சு போச்சு. கத்தி இறுகவும் வேணும், நூல் பிடிச்ச மாதிரி நேராவும் வேணும். கொஞ்சம் கோணினாலும் ஒரு அந்தத்தில அரிசி குறுணலாப் போவுது, மத்த அந்தத்தில உமியோட வருது."

இவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல ஒரு வெளிச்சம். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பட்டையை எடுத்து வந்தார்.

"நானா, இது துறைமுகத்து இரும்பு. தண்ணிக்குள்ள வைச்சால் வெடிக்கும். காத்திலதான் இது இறுகும். ஆனா சும்மா ஆறவிட்டால் மெத்தெண்டு போகும். நல்லா ஊதி ஆத்தவேணும். அங்க நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள்."

"செஞ்சு தாங்க. ஆவணிக்குள்ள சரிவரல்லேண்டா மிசினைக் கழட்டிக் கனகராயன்குளத்துக்குக் கொண்டு போறேன். அங்க மச்சான்ர மில்லுக்கு உதிரிச் சாமானா ஆவும்."

ஆவணிக்குள். பரமலிங்கம் அண்ணையும் ஆவணிதான் சொன்னார். நானா போனபின் இவர் என்னிடம் சொன்னார், "இதுவும் பிழைச்சுதெண்டால் நான் இஞ்ச வயலுக்கும் உதவாதவன், உலைக்கும் உதவாதவன். பேசாமல் பரமுவோட போறதுதான் சரி." அந்த நிமிசத்திலிருந்து அந்த ஒரு முழ இரும்பு எனக்குச் சுவாமி ஆகிவிட்டது.

பட்டையைத் தட்டி, அராவி, அளவுக்குக் கொண்டுவந்தார். சிரட்டைக்கரி போட்டு உலையை மூட்டி, கத்தியை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் செவ்விளநீர்க் கோம்பையின் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சினார். சூடாக்குவதில் இவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆற்றுவதில்தான் வந்தது வினை.

வன்னியில் இருக்கிறவனுக்குக் காற்று என்றால் முதலில் என்ன ஞாபகம் வரும்? களம். ஆவணிச் சோளகக் காற்று வெட்டவெளியில் வந்து மோதுகிற இடத்தில்தான் நாங்கள் கதிர்ச் சூடு மிதித்து நெல் தூற்றுவோம். இவரும் அதைத்தான் நினைத்தார். "அந்தக் காத்துக்கு எந்த ஊதியும் நிண்டு பிடியாது" என்று உலையையே வண்டியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டார். எங்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நெல்லைத் தூய்மையாக்குகிற காற்று இரும்பை மட்டும் கெடுக்குமா?

பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்கா தூற்றுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றா. இவர் கத்தியைக் குறட்டால் எடுத்து இரண்டு கவைத் தடிகளுக்கு நடுவே காற்றைப் பார்க்கக் கிடத்தினார். காற்று வந்து மோதியது. சிவப்பு மங்கிக் கறுத்தது. அக்கா "வா ராசா, வா" என்று காற்றைக் கூப்பிட்டா. ஆறியதும் இவர் கத்தியை எடுத்து ஓரத்தில் நூலைப் பிடித்தார். நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. கத்தி வில்லாக வளைந்திருந்தது.

இவருடைய வாய் திறந்தது. அக்கா பாய்ந்து வந்தா.

"தம்பி! களத்துக்குள்ள குறைச்சொல் சொல்லாதையும்! பூதம் பொலியைக் கொண்டுபோயிடும்!"

களத்தில் 'இல்லை' என்றோ 'முடிந்தது' என்றோ நாங்கள் சொல்வதில்லை. நெல்லைக்கூட நெல் என்று சொல்லாமல் பொலி என்போம். குறைந்ததையும் பொலிந்தது என்றுதான் சொல்லவேண்டும். இவர் வந்த சொல்லை விழுங்கினார்.

"கத்தி... நல்லாப் பொலிஞ்சு போச்சு" என்றார்.

களமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டியில் திரும்பி வரும்போது இவர் வளைந்த கத்தியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். சிரித்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் கத்தியைத் திரும்பக் காய்ச்சி, இந்த முறை ஊதாமல் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் நிமிர்த்தினார். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இரும்பின் மேல் கறுப்புச் செதிள் உரிந்து விழுந்தது. "இன்னும் ரண்டு தரம் தாங்கும். அதுக்குப் பிறகு கத்தி கடுதாசி" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறும் மேலோடு வாசலில் கிடந்து பழைய முறைப்பாட்டைத் தொடங்கினார். கலியாணம் செய்த நாளிலிருந்து அதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். துறைமுகப் பட்டறையில் இவர் நின்ற பக்கம் ஒரே வேக்காடாம். சூட்டு இரும்பை வைக்கிற தட்டுக்கு மற்றப் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் துரை பெரிய காற்றாடி போட்டுக் கொடுத்திருந்தானாம்.

"எங்கட பக்கத்து ஊதி இரும்புக்கு. அந்தப் பக்கத்து ஊதி அவைக்கு. பத்து வருசம் நான் வெந்தனான், அவங்கள் காத்து வாங்கினவங்கள். வெள்ளைக்காரன்ர ஓரவஞ்சனை."

எனக்கு வழக்கமாக இந்தக் கதையில் பாதியிலேயே கண் சொருகிவிடும். அன்று எரிச்சலில் இருந்தேன்.

"உங்களுக்குப் போடாத காத்தை அவைக்கு மட்டும் ஏன் போட்டவன்? அவை என்ன அவனுக்கு மருமக்களோ? அந்தக் காத்தாடி அவையைப் பார்த்தே நிண்டது?"

"இல்லை. எங்களைப் பார்த்து..." என்றவர் நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் எதிரெதிராகப் பிடித்தார். உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அடி கோதாரி!" என்றார். "அதுவும் இரும்புக்குத்தான். ரண்டு பக்கமும் ஊதினவங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊதினால் அந்தப் பக்கம் முதல்ல ஆறிச் சுருங்கும். மற்றப் பக்கம் பிந்தி ஆறி இழுக்கும். அதுதான் வளைஞ்சது! பத்து வருசம் அந்தப் பக்கத்துப் பொன்னையனோட இதுக்காகக் கதையாமல் திரிஞ்சனான்!"

சிரித்தார். பரமலிங்கம் அண்ணை வந்துபோனபின் முதல் தடவையாக இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழியச் சிரித்தார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசன் கொழும்புக்குப் போய்விட்டால் இந்த மடத்தனத்தையெல்லாம் எனக்கு யார் வந்து சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் எங்களிடம் இருந்தது ஓர் ஊதிதான். "காத்துத்தானே வேணும்?" என்று அன்னபாக்கியம் அக்கா நெல் புடைக்கிற சுளகோடு வந்தா. அவவோடு இன்னும் சில பெண்கள். சுளகு பிடித்த கைகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கத்தியைக் கொட்டிலின் கூரை வளையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டு, பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் நின்று வீசினோம். பார்க்கச் சுவாமிக்குச் சாமரம் வீசுவதுபோல இருந்தது. "வேகமாப் பிள்ளையள், வேகமா!" என்று அக்கா கூவிக்கொண்டு வீசினா. அவவின் கை உலக்கை பிடித்துப் பழுத்த கை. அவ நின்ற பக்கத்தில் புயல், எதிர்ப்பக்கத்தில் நின்ற நாகேஸ்வரியோ கைப்பிள்ளைக்குக் காற்று வீசுவதுபோல வீசிக்கொண்டிருந்தாள்.

ஆறியது. இவர் நூலைப் பிடித்தார். முன்பு விரல் நுழைந்தது. இப்போது நகம் நுழைந்தது. அதுவும் அக்கா நின்ற முனையில் ஒரு முறுக்கு.

"என்னால வந்ததோ தம்பி?" என்று அக்கா சுளகை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டா.

"இல்லையக்கா. உங்களால அரைவாசி நிமிர்ந்தது" என்றார் இவர். நல்ல மனுசன், வேறு என்ன சொல்ல?

எல்லோரும் போனபின் இவர் உலைக்கு முன்னால் குந்தியிருந்தார். "கை எண்டால் ஒண்டைப்போல ஒண்டு இராது. ஒரே ஊதியின்ர காத்து ரண்டாப் பிரிஞ்சு, ரண்டு பக்கமும் ஒரே அளவா வரவேணும். மேலயும் கீழயும் ஒரே அளவு. அதுக்கு ஒரு பெட்டி வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இன்னும் ஒருக்கால்தான் தாங்கும்."

அடுத்த நாள் நான் வயலில் இருந்தேன். கதிர் கட்டும் இடம்வரைக்கும் தகரம் வெட்டுகிற சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய்த் தகரமாக்கும் என்று இருந்துவிட்டேன். வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்து கொட்டிலை எட்டிப் பார்த்தேன். பச்சைப் பெட்டி நெட்டுக்குத்தாக நின்றது. மூடியின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளை மையால் எழுதிய இலக்கத்தின் நடுவில் ஊதியின் வாய் நுழைய வட்டமாக ஓட்டை. உள்ளே இரண்டு தகரச் சுவர்கள், எதிரெதிராக. சுவர் முழுக்க ஆணியால் குத்திய துளைகள். நடுவே கத்தி தொங்க இடம். பெட்டியின் தலைப்பக்கம் சூடு வெளியே போகத் திறந்திருந்தது.

கொழும்புக்குப் போகிறதற்கு இருந்த ஒரே பெட்டி. நான் வாசலில் நின்றேன். இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "வேற தகரம் அம்பிடேல்லை."

வேலியில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் கவிழ்ந்து கிடந்தது. இவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"சும்மா நிக்காமல் வந்து ஊதியைச் சுத்து" என்றார்.

சுற்றினேன். இவர் பெட்டிக்கு நடுவில் ஒரு பஞ்சு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் வலது பக்கம் சாய்ந்தது. இடது சுவரில் இருந்த துளைகளில் சிலவற்றைக் களிமண் வைத்து அடைத்தார். பிறகு இடது பக்கம் சாய்ந்தது. வலது சுவரிலும் சிலதை அடைத்தார். கீழே ஊதிக்குக் கிட்ட காற்று கூட, மேலே குறைவு. மேலே இருந்த துளைகளைப் பெருப்பித்தார். நூல் மேலிருந்து கீழ்வரை எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நடுங்கிக்கொண்டு நிற்கும்வரை விடவில்லை. வயலில் ஒரு வரம்பை நேராகப் போடாத மனுசன், ஒரு நூலுக்காக முழங்காலில் நின்றார்.

"ஒரே சீராச் சுத்தவேணும். கோபம் வந்த மாதிரிச் சுத்தாதை" என்றார்.

"திரிகையில உழுந்து உடைக்கிறவளுக்கு நீங்கள் சுத்தக் காட்டித் தராதேங்கோ."

காலையிலேயே சாம்பலில் ஆறவிட்டு நிமிர்த்தி வைத்திருந்த கத்தியைக் காய்ச்சினார். செவ்விளநீர் நிறம் வந்தது. குறட்டால் தூக்கி, கம்பியில் மாட்டி, நூல் நின்ற அதே இடத்தில் இறக்கினார். நான் சுற்றினேன். திரிகை சுற்றுவதுபோல, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். பெட்டியின் தலையால் அனல் மேலே போயிற்று. இரண்டு பக்கத்துச் சிவப்பும் ஒன்றாக மங்கியது. முன்பெல்லாம் ஒரு பக்கம் கறுக்க மறுபக்கம் கனன்றுகொண்டிருக்கும். இந்த முறை விளக்குத் திரியைக் குறைத்ததுபோல முழுக் கத்தியும் ஒரே நேரத்தில் அணைந்தது. கை வலித்தது. நான் நிறுத்தவில்லை. பிள்ளையாரே, இதை நேராகக் கொடு, இந்த மனுசனை எனக்கு விட்டுவிடு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னேன்.

"காணும், நிப்பாட்டு" என்றார்.

வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்தார். அரத்தை வைத்து இழுத்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது, இறுகியிருக்கிறது. பிறகு நூல். நூலின் ஒரு நுனியை என்னிடம் தந்தார். மறு நுனியை அவர் பிடித்தார். குனிந்து பார்த்தோம். நூலுக்கும் கத்திக்கும் இடையில் வெளிச்சம் இல்லை.

கத்தியைத் திருப்பிப் பார்த்தோம். அங்கும் இல்லை.

இவர் என் தலையில் இருந்த கரித்தூளைத் தட்டிவிட்டார். கையில் இருந்த கரியும் சேர்ந்து என் தலையில் அப்பியது.

வெடித்துப் போகாமல் இருக்கக் கத்தியை இளஞ்சூட்டில் ஒரு முறை வாட்டி எடுத்து, அடுத்த நாள் மில்லில் பூட்டினோம். ஊரே மூட்டையும் ஓலைப்பெட்டியுமாக வந்து நின்றது. ஆதம்பாவா நானா 'பிஸ்மில்லா' என்று சொல்லி நெல்லைக் கொட்டினார். மிசினின் தோற்பட்டி சுழன்றது. நானா கீழே கையை ஏந்தி, விழுந்ததை ஊதினார். உமி பறந்தது. கையில் முழு அரிசி, மணி மணியாக. இன்னொரு பிடி. அதுவும் முழு அரிசி. அவர் இவருடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"தில்லையண்ணன், அல்லாஹ் உங்கட கைக்கு பரக்கத்துத் தரட்டும்! மிசின் எங்கயும் போவாது. இந்த ஊருக்கு ஒரு ஆள் இரிக்கிறார் எண்டு முல்லைத்தீவு முழுக்கச் சொல்றேன்."

அன்னபாக்கியம் அக்கா எல்லோருக்கும் கேட்க, "அரைவாசி என்ர சுளகு நிமித்தினது" என்றா. இவர் கூச்சத்தில் மிசினின் ஆணிகளை, இறுக்கியதையே திரும்ப இறுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் ஆவணி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பெட்டியை வெட்டியது ஏன் என்று இவர் சொல்லவில்லை. நில்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

பரமலிங்கம் அண்ணை சொன்னபடி வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். புது அரிசிச் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, குளத்து மீன் பொரியல். இரண்டு பேரையும் பலகையில் இருத்திப் பரிமாறினேன். அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எங்கையடா பெட்டி?"

"பெட்டி வேலையில நிக்குது" என்றார் இவர்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்க் கொட்டிலைப் பார்த்தார் அண்ணை. அவரும் துறைமுகத்தில் நின்றவர்தானே, பார்த்ததும் விளங்கிவிட்டது. திரும்பி வந்து பலகையில் இருந்தபோது முகம் மாறியிருந்தது.

"தில்லை, நீ விசரன். இந்தக் காட்டுக்குள்ள ஒரு தகரப் பெட்டியில இதைச் செய்திருக்கிறாய்! இதைக் கொழும்பில காட்டினால் உன்னைத் தலையில தூக்கி வைச்சிருப்பாங்கள். பெட்டி இல்லாட்டிச் சாக்கில கட்டு. ரண்டு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிடுவம்."

இப்படியும் ஒரு கூத்து நடக்குமா? கத்தி கோணினால் போய்விடுவார் என்று பயந்தேன். நேராக வந்ததால் அல்லவா இப்போது கூட்டிக்கொண்டு போக நிற்கிறார்!

இவர் சோற்றைக் குழைத்தார். வாயில் வைக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஆடி மாதம் பார்த்த அதே பார்வை.

"என்னப்பா, நீ என்ன சொல்லுறாய்?"

என் வாயில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 'போறதெண்டால் போங்கோவன்.' நாக்கு நுனியில் தயாராக நின்றது. கையில் அகப்பை. குசினி வாசலால் கொட்டில் தெரிந்தது, கொட்டிலுக்குள் அந்தப் பச்சைப் பெட்டி, வெள்ளை இலக்கத்தின் நடுவில் ஓட்டையோடு. இவர் தன் பக்கத்தைச் செய்துவிட்டார். என் பக்கத்தில் இருந்துதான் இன்னும் ஒரு மூச்சுக் காற்று வரவில்லை.

அகப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணை," என்றேன், பரமலிங்கம் அண்ணையைப் பார்த்து. "தில்லைநாதன் வரமாட்டார். எனக்கு அவர் இஞ்ச வேணும்."

அண்ணையின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அது அன்னபாக்கியம் அக்காவாகத்தான் இருக்கும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கட்டியவரின் பெயரை, அதுவும் பிற ஆம்பிளைக்கு முன்னால்!

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு மெல்ல மெல்ல வந்தது.

"என்ன சொன்னனீ?"

"கேட்டதுதானே. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

"ஆறட்டும்" என்றார் இவர். "எனக்குச் சரியாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு."

பரமலிங்கம் அண்ணை சிரித்துக்கொண்டு குனிந்து தன் சோற்றைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். பிறகு இன்னொரு தரம் சொன்னேன்.